தறி நின்ற இடத்தில் ஒரு ஸ்னூக்கர் டேபிள்

எங்கள் தறிப்பட்டறையின் உள் அகலம் 15 அடி 2 அங்குலம். முப்பது வருடமாக எனக்கு மனப்பாடமான கணக்கு அது. ஆனால் அங்குலத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்று ஸ்னூக்கர் டேபிள் வாங்கப் புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது.

பல்லடம் பக்கம் ஆறு தறி வைத்து காடா துணி ஓட்டிக்கொண்டிருந்தோம். கூலி கட்டுப்படியாகவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. கடைசியில் ஆறையும் பழைய இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டோம். அந்த நாளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் பட்டறையில் தேங்காயும் காயப்போட்ட மிளகாயும்தான் கிடந்தன. குடோனாக வாடகைக்கு விடலாம் என்றான் பையன். எனக்கு வேறு ஆசை இருந்தது. தொண்ணூறுகளில் துணிப் பணம் வசூலிக்க கோயம்புத்தூர் போவேன். "முதலாளி சாயங்காலம்தான் வருவாருங்க" என்பார்கள். அந்தச் சாயங்காலம் வரைக்கும் நான் உட்கார்ந்த இடம் காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த ஸ்னூக்கர் பார்லர். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி விளையாடிப் பழகிய கை. ஒருநாளாவது கடிகாரத்தைப் பார்க்காமல் விளையாட வேண்டும் என்று அப்போதே நினைத்தது.

சரி, டேபிளுக்கு வருவோம்.

போட்டிகளில் பார்க்கிற முழு அளவு டேபிளை 12க்கு 6 என்பார்கள். பந்து ஓடுகிற இடம் மட்டும் 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். இதை வைத்து "15 அடி அகலத்தில் தாராளமா உட்காருமே" என்று நினைத்தால் தப்பு. டேபிள் உட்கார்ந்தால் போதாது, நாம் நின்று அடிக்கவும் இடம் வேண்டும். பந்து குஷனை, அதாவது டேபிளின் ரப்பர் விளிம்பை, ஒட்டி நிற்கும்போது முழு ஸ்டிக்கும் டேபிளுக்கு வெளியேதான் இருக்கும். ஸ்டிக் 57 அங்குலம், அதாவது 4 அடி 9. இரண்டு பக்கமும் சேர்த்து 9 அடி 6. அதோடு டேபிளின் 5 அடி 10ஐக் கூட்டினால் 15 அடி 4 வருகிறது. அதுவும் ஸ்டிக்கின் அடி சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கணக்கு. அடிக்க வேண்டுமென்றால் கையைப் பின்னால் இழுக்க வேண்டும், அதற்குப் பக்கத்துக்கு ஆறு அங்குலமாவது போகும். முழு டேபிளுக்கு 22க்கு 16 அடி அறை வேண்டும் என்று சொல்வது இதனால்தான். எனக்கு நீளம் 34 அடி கிடக்கிறது. அகலத்தில்தான் பத்துப் பதினைந்து அங்குலம் குறைகிறது.

கணக்கு போட்டும் மனசு கேட்கவில்லை. கோயம்புத்தூரில் மூடப்போகிற ஒரு கிளப்பில் முழு அளவு டேபிள் ஒன்று நல்ல விலைக்கு இருந்தது. வாங்கிவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். முன்பணம் கொடுக்கப் போவதற்கு முந்தின நாள், பட்டறைத் தரையில் கோலமாவால் அந்த டேபிளை அதே அளவில் கோடு போட்டுப் பார்த்தேன். "ஏனுங்க, வாசல்ல போடற மாவை உள்ள கொட்டி என்ன பண்றீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டைச் சுற்றிக் குனிந்து குனிந்து அடிப்பது போலப் பாவனை செய்தேன். நாலாவது பாவனையில் ஸ்டிக் சுவரில் 'டங்' என்று இடித்தது. அத்தோடு முழு அளவு ஆசை முடிந்தது. குட்டை ஸ்டிக் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. நாலு ஷாட்டுக்கு ஒருமுறை குட்டை ஸ்டிக்கைத் தேடினால் விளையாட்டே வெறுத்துவிடும். டேபிள் வாங்குகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் இருபது ரூபாய்க்குக் கோலமாவு வாங்குங்கள்.

பிறகு மிச்சம் இருந்தது 10க்கு 5, அல்லது 8க்கு 4.

முதலில் பார்த்தது 8க்கு 4. கடைக்காரர் அதை 'டூ இன் ஒன்' என்றார். பூலும் விளையாடலாம், ஸ்னூக்கரும் விளையாடலாமாம். பந்து விழுகிற பாக்கெட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது பூல் டேபிள். பூலில் பாக்கெட்டின் வாய் நேராகச் சீவினாற்போல இருக்கும். ஸ்னூக்கரில் குஷன் வளைந்து உள்ளே போகும், கொஞ்சம் தப்பினாலும் பந்தை உதட்டிலேயே ஆட்டித் துப்பிவிடும். பூல் பந்து 57 மில்லிமீட்டர் சொச்சம், ஸ்னூக்கர் பந்து 52.5. பெரிய பந்துக்கு வெட்டிய வாயில் சின்னப் பந்தைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். குழந்தைகளுக்குச் சந்தோஷம், எனக்கு வேண்டாம். குனிந்து அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினேன். டொக் டொக் என்றது. கல் இல்லை, எம்.டி.எஃப் பலகை, மரநாரை அழுத்திச் செய்தது. ஓட்டுக் கூரைக்குக் கீழே ஐப்பசி கார்த்திகை இரண்டையும் பார்த்தால் அந்தப் பலகை எந்தப் பக்கம் வளையும் என்று வருணபகவானுக்குத்தான் தெரியும்.

கல் என்றால் ஸ்லேட். ஒன்றாம் வகுப்பில் பலப்பத்தால் எழுதினோமே, அந்தச் சிலேட்டுக் கல்லேதான். ஏடு ஏடாகப் பிளக்கும், சமமாக இழைக்கலாம், ஈரத்துக்கு முறுக்கிக்கொள்ளாது. பலகை டேபிளில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்லேட்டுக்கு மாறிவிட்டார்கள். நம் ஊரில் சிலர் மார்பிளைப் போட்டுத் தருகிறார்கள், விலை குறையும். நான் மார்பிளில் ஆடிப் பார்த்தேன். மட்டமாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பந்து ஓடும் சத்தம் பிடிக்கவில்லை. பலகையில் திருகாணி ஏற்றுவது போல மார்பிளில் ஏற்றினால் ஓரம் சில்லு பெயரும் என்று ஃபிட்டரும் பின்னால் சொன்னார்.

இரண்டாவது கடையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். 10க்கு 5, ஸ்லேட் கல், பார்க்க நன்றாகவே இருந்தது. துணியைப் பற்றிக் கேட்டேன். "இம்போர்ட்டட் சார், நூறு பெர்சென்ட் கம்பளி" என்றார். ஸ்னூக்கர் துணி என்பது முழுக் கம்பளியில் நெய்து, மேலே மயிர் எழுப்பி, ஒரே உயரத்துக்குச் சீராக வெட்டி, ஒரே திசையில் படியவைத்தது. திருப்பூரில் பனியன் துணிக்கு ரைசிங் அடிப்பார்களே, அது மாதிரி. அந்த மயிர் படிந்த திசை விளையாட்டில் பெரிய விஷயம். ஆட்டம் தொடங்குகிற முனையான பால்க் பக்கத்திலிருந்து, எதிர்முனையில் இருக்கும் கறுப்புப் பந்து பக்கமாகப் படிந்திருக்கும். அந்தத் திசையிலேயே அடித்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த் திசையில் மெதுவாக அடித்தால் இழுத்துக்கொண்டு ஒதுங்கும்.

நான் பையிலிருந்து பிக் கிளாஸை எடுத்தேன். தறி போனாலும் அது என்னோடுதான் இருக்கிறது. அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழுந்திருக்கிறது என்று எண்ணுகிற சின்ன மடக்குக் கண்ணாடி. துணிமேல் வைத்துக் குனிந்தால், மேலே மயிர் இருந்தாலும் ஓரத்தில் பாவு நூல் பளபளவென்று மின்னியது. கம்பளி அப்படி மின்னாது. வெட்டி எடுத்த ஒரு துண்டு கேட்டேன். கடைக்குப் பக்கத்தில் டீக்கடை. ஒரு நூலை உருவி தீக்குச்சியில் காட்டினேன். கம்பளி என்றால் தலைமயிர் கருகும் நாற்றம் வரும், விரலில் நசுக்கினால் கறுப்புப் பொடியாக உதிரும். இது உருகி, சுருண்டு, நுனியில் கடுகு மாதிரி கெட்டியாக ஒரு மணி கட்டியது. பாலியெஸ்டர் கலப்பு. துணுக்கைக் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன். கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சார் எந்த லைன்ல இருக்கீங்க?" என்றார். கலப்புத் துணி கெட்டது என்று சொல்லவில்லை. விரசாக ஓடும், தேய்மானம் குறைவு, பூல் டேபிளுக்கெல்லாம் கலப்பில்தான் நிறைய போடுகிறார்கள். ஆனால் கம்பளி விலையைச் சொல்லி அதை விற்கக் கூடாது. எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவதுதான் நான் வாங்கியது. பெங்களூரில் டேபிள் செய்கிற ஒரு பட்டறையில் நேராகப் போய்ப் பார்த்தேன். ஷோரூம் இல்லை, மரத்தூள் பறக்கிற இடம். அங்கே ஆடிப் பார்க்க விட்டார்கள், எனக்கு அதுவே பாதி நம்பிக்கை. ஒரு பந்தை பால்க்கிலிருந்து முழு பலத்தோடு நேராக அடித்து எத்தனை நீளம் போய்வருகிறது என்று எண்ணினேன். நான்கு நீளம் முடித்து ஐந்தாவதில் பாதி வரை வந்தது. முந்தின கடை டேபிளில் மூன்றைத் தாண்டவில்லை, குஷன் ரப்பர் செத்திருந்தது. அடுத்து, குஷனின் ஒவ்வொரு சாணுக்கும் பந்தை மெல்ல மோதவிட்டுக் காதால் கேட்டேன். ஒரே சத்தம் வர வேண்டும். எங்காவது 'கட' என்றால் அங்கே ரப்பர் பலகையோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். ஓரிடத்தில் அப்படிக் கேட்டது. காட்டினேன், பிரித்து ஒட்டித் தருகிறேன் என்றார்கள். செய்தும் கொடுத்தார்கள்.

குஷனுக்குக் குஷன் அகலம் 4 அடி 8. அதோடு ஸ்டிக் இரண்டு பக்கமும் 9 அடி 6, ஆக 14 அடி 2. என் 15 அடி 2ல் ஓர் அடி மிச்சம், பக்கத்துக்கு ஆறு அங்குலம். கையை இழுக்க அது போதும். பாக்கெட்டை 52.5 பந்துக்கே வெட்டச் சொன்னேன். சின்ன டேபிள்களுக்கு 2 அங்குலப் பந்து போடுகிறவர்களும் உண்டு. ஆனால் பார்லரில் பழகிய கைக்குப் பந்து மாறினால் எல்லாம் மாறிவிடும். கல், மரம், கம்பளித் துணி, பொருத்துக்கூலி, லாரி எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம் ஆனது. பந்தும் ஸ்டிக்கும் தனி.

டேபிளைக் காட்டிலும் ஃபிட்டர் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அது வந்து இறங்கிய அன்றைக்கு.

கல் மூன்று பாளமாக வந்தது. 30 மில்லிமீட்டர் தடிமன், பாளம் ஒன்று நூற்றிருபது கிலோவுக்குக் குறையாது. பாவு உருளையைத் தோளில் தூக்கிப் பழகிய ஆட்கள் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தேன், அவர்களே மூச்சு வாங்கினார்கள். முழு அளவு டேபிள் என்றால் மொத்தமாக ஒரு டன்னுக்கு மேலே போகும். மாடியில் வைக்க நினைக்கிறவர்கள் இஞ்சினியரைக் கேட்காமல் வைக்காதீர்கள். எங்கள் தரை தறி ஆட்டத்தைத் தாங்கப் போட்டது, அந்தக் கவலை இல்லை.

பெங்களூரிலிருந்து வந்த ஃபிட்டருக்கு முப்பது வயது இருக்கும். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். அவரிடம் இருந்தது கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் இல்லை. இரும்பில் செய்தது, மெஷின் ஷாப்பில் லேத் உட்காரவைக்கப் பயன்படுத்துவது. ஒரு பேப்பர் தடிமன் ஏறினாலும் குமிழி நகர்ந்துவிடும். முதலில் கால்களைத் திருகிச் சட்டத்தை மட்டம் பார்த்தார். கல்லை ஏற்றினார். அப்புறம் பாளங்கள் சேருமிடத்தில் விரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனார். நகம் தட்டினால் நின்று, "அண்ணா, கார்டு இருக்கா, விசிட்டிங் கார்டு?" என்றார். கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே அட்டை செருகித்தான் அந்த மயிரிழை உயரத்தைச் சரிசெய்வார்களாம். தறி ஓடிய காலத்தில் ஐந்நூறு கார்டு அடித்து முந்நூறு மிச்சம் கிடந்தது. ஒரு கட்டையே எடுத்துக் கொடுத்தேன். 'காடா துணி உற்பத்தியாளர்' என்று போட்ட பதினேழு கார்டு இப்போது அந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது. இணைப்பில் தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் தகட்டால் சுரண்டினார். பிறகு கையை வைத்துத் தேடினாலும் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

துணி இழுத்துக் கட்டுவது தனி வித்தை. பாவு ஒருபக்கம் தொய்ந்தால் துணி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் நான்கு மூலையிலும் ஒரே இழுப்பு இழுத்தார். ஒருநாள் வேலை என்று வந்தவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். கூடக் காசு கேட்கவில்லை. மதியம் எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம், அதை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. குறைகளைச் சொல்கிறேன்.

தறி ஓடியபோது எங்களுக்கு ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் தரையில் தண்ணீர் தெளிப்போம். இப்போது ஈரம்தான் எதிரி. கம்பளி ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் பந்து சேற்றில் ஓடுவது போல ஓடும். பெரிய போட்டி டேபிள்களில் கல்லுக்கு அடியிலேயே சூடேற்றும் கருவி வைத்திருப்பது இதற்காகத்தான். எனக்கு அவ்வளவு வசதி இல்லை. மழைக்காலத்தில் விளையாடுவதற்கு முன் பிரஷ் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் மயிர் படிந்த திசையிலேயே ஒருமுறை ஓட்டுகிறேன். திருப்பி ஓட்டக் கூடாது, தண்ணீர் தெளிக்கவே கூடாது. இன்னொரு தொல்லை பஞ்சு. முப்பது வருடப் பஞ்சு ஓட்டுக்கு அடியிலும் விட்டத்திலும் ஒளிந்திருந்தது. காற்றடித்தால் பச்சைத் துணிமேல் பனி பெய்தது போல விழும். டேபிள் வருவதற்கு முன்பே கூரையைச் சுத்தம் செய்திருக்க வேண்டும், நான் வந்த பிறகு செய்தேன். அதற்கு டேபிளை இரண்டு தார்ப்பாய் போட்டு மூட வேண்டியதாயிற்று. கரையானுக்குக் காலடியில் மருந்து விட்டிருக்கிறேன், இதுவரை வரவில்லை.

டேபிளின் சொந்தக் குறை என்றால், பாக்கெட்டின் தோல் பட்டை. எட்டாம் மாதமே இரண்டில் தையல் விட்டது. பல்லடத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து மெழுகு நூலில் தைத்து வாங்கினேன், இப்போது பழையதைவிடக் கெட்டியாக இருக்கிறது. விற்றவர்களுக்குப் போன் செய்தால் "ஆளை அனுப்பறோம் சார்" என்றார்கள். அந்த ஆள் இன்னும் பஸ் ஏறவில்லை. வாங்கும்போதே ஃபிட்டரின் நம்பரைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பெல்ஜியத்திலிருந்து வரும் அராமித் செட் வாங்கினேன். முதலில் வாங்கிய விலை மலிவான செட்டில், என் நகைக்கடைக்காரச் சிநேகிதர் தராசில் வைத்துப் பார்த்தபோது சிவப்புக்குச் சிவப்பு எடை வேறாக இருந்தது. விளக்குக்குத் தகர மூடி செய்து நான்கு எல்.இ.டி டியூப்பை நீளவாக்கில் மாட்டியிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு விளக்கு தொங்கவிட்டால் பந்தின் நிழல் ஒருபக்கமாக விழுந்து கண்ணை ஏமாற்றும். ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்து வைத்தால் வெயிலுக்கு வளைந்துவிடுகிறது, அதை ஒன்று வளைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஊட்டி எங்கள் ஊரிலிருந்து நான்கு மணிநேரம்கூட இல்லை. 1875ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த இந்த ஆட்டத்துக்கு, 1882ல் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில்தான். அந்த மலைக் குளிரிலும் மழையிலும் துணியை எப்படிக் காயவைத்தார்கள் என்று மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நிற்கும்போது யோசிப்பேன்.

10க்கு 5 போதுமா என்று கேட்டால், போதும். நூறுக்கு மேல் பிரேக், அதாவது ஒரே மூச்சில் விடாமல் நூறு பாயிண்டுக்கு மேல், எடுக்கிற ஆளுக்கு முழு டேபிள்தான் வேண்டும், நான் இருபத்தெட்டு எடுத்தால் அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்குகிற ஆள். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு விற்க நினைத்தால் முழு அளவுக்கு கிளப்காரர்கள் வருவார்கள், இதற்கு என்னைப் போல இன்னொரு 15 அடிக்காரரைத்தான் தேட வேண்டும்.

போன மழைக்கப்புறம் கல் ஒரு இம்மி இறங்கியிருக்கிறது. கிணற்றுப் பக்க நடு பாக்கெட்டுக்கு மெதுவாக வருகிற பந்து, கடைசி ஒரு சாணில் இடதுபக்கம் சாய்கிறது. ஃபிட்டர் தைக்கு வருகிறேன் என்றிருக்கிறார், இன்னும் இரண்டு கார்டு செருக வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் விளையாட வருகிற மச்சானிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.